அர்ஜென்டினாவின் மரபான உணவும் பானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அர்ஜென்டினாவின் உணவு என்றால் மாட்டிறைச்சி மட்டும்தானா?

இல்லை. அந்நாட்டைப் பற்றிப் பேசியவுடன் தணலில் வாட்டிய இறைச்சியே எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அது நடுப்பகுதியில் பரந்து கிடக்கும் பாம்பாஸ் புல்வெளியின் உணவாகத் தோன்றி, பிறகு நாடெங்கும் பரவியது. வடமேற்கில், ஆந்திஸ் மலையை ஒட்டிய சால்தா, ஹுஹுய், துக்குமான் முதலிய மாகாணங்களில் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பரங்கிக்காய் ஆகியவற்றின் மீது எழுந்த, ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட சமையல் இன்றும் உயிரோடு இருக்கிறது. வடகிழக்கில் குவாரானிப் பழங்குடி மக்களிடமிருந்து வந்த மரவள்ளியும், பானம் தயாரிக்கும் யெர்பா மாத்தே இலையும் முக்கியமானவை. தெற்கே பத்தகோனியாவில் ஆட்டுக்குட்டியை இரும்புச் சிலுவையில் விரித்துக் கட்டி, நெருப்பின் அருகே நட்டு வாட்டுகிறார்கள். தலைநகரான புவெனஸ் ஐரிஸிலோ அன்றாடச் சாப்பாட்டில் இத்தாலியக் குடியேறிகளின் கைவண்ணமே மிகுதி.

மாட்டிறைச்சி அங்கே இவ்வளவு மையமான இடத்தைப் பிடித்தது எப்படி?

மாடு அந்த மண்ணுக்கு உரிய விலங்கன்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தது. 1580-இல் ஹுவான் தே கராய் புவெனஸ் ஐரிஸை இரண்டாம் முறையாக நிறுவியபோது, அசுன்சியோனிலிருந்து மாட்டு மந்தையும் உடன் வந்தது. வேலியும் வேட்டை விலங்கின் பெருந்தொல்லையும் இல்லாத புல்வெளியில் தப்பிப்போன மாடுகள் காட்டு மந்தைகளாகப் பெருகின. அக்காலத்தில் விலை தோலுக்குத்தான். தோலையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு, உடலைக் கழுகுகளுக்கு விட்டுச் சென்றார்கள். கௌச்சோ எனப்பட்ட குதிரைவீரர்களான மேய்ப்பர்கள் தமக்குப் பிடித்த துண்டை மட்டும் அறுத்து, உப்பிட்டு, நெருப்பில் வாட்டித் தின்றார்கள். ஏழைக்கும் இறைச்சி எளிதாகக் கிடைத்த நாடு என்ற நிலை அப்போதே உருவாகிவிட்டது.

அடுத்து வந்தவை உப்புக்கண்டம் போடும் ஆலைகள். அங்கே உலர்த்தப்பட்ட இறைச்சி, பிரேசிலிலும் கியூபாவிலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்களுக்கு உணவாகக் கப்பலேறியது. இந்த வணிகத்தின் முகத்தை மாற்றியது குளிரூட்டல். சார்ல் தெல்லியே என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் முயற்சியால் குளிர்பதன அறைகளுடன் புறப்பட்ட 'லெ ஃப்ரிகோரிஃபிக்' என்ற கப்பல் 1876-இன் இறுதியில் புவெனஸ் ஐரிஸை அடைந்தது. அதன் பின் ஆங்கிலேய முதலீட்டில் இருப்புப்பாதைகளும் குளிர்பதன ஆலைகளும் பெருகின. மெலிந்த காட்டு மாடுகளுக்குப் பதிலாக ஷார்ட்ஹார்ன், ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் இனங்கள் வளர்க்கப்பட்டன. இன்று பெருமையோடு பேசப்படும் மென்மையான இறைச்சிக்குக் கௌச்சோவைவிட லண்டன் சந்தைதான் கூடுதல் காரணம் என்பதை உள்ளூர்ப் பெருமிதம் அடிக்கடி மறந்துவிடுகிறது.

அசாதோ என்பது என்ன? அதை எப்படிச் செய்கிறார்கள்?

தணலில் வாட்டிய இறைச்சிக்கும், அதைச் சுற்றிக் குடும்பமும் நண்பர்களும் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அசாதோ என்ற ஒரே பெயர்தான். வாட்டும் கம்பித் தட்டுக்குப் பரிய்யா என்று பெயர்; வாட்டுபவர் அசதோர். பெரும்பாலும் ஒருவரே பொறுப்பேற்பார். மற்றவர்கள் அடுப்பருகே நின்று பேசலாம், குடிக்கலாம், ஆனால் தணலைக் கிளறுவது நாகரிகமாகாது.

முதலில் விறகோ கரியோ பரிய்யாவின் அடியில் அல்லாமல் ஓரத்தில் மூட்டப்படுகிறது. கெப்ராச்சோ போன்ற கடினமான மரம் நின்று எரிந்து நல்ல தணல் தரும். சுவாலை அடங்கிச் சாம்பல் பூத்த பிறகே தணலை வாரித் தட்டின் அடியில் மெல்லப் பரப்புவார்கள். உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே சற்று உயரத்தில் நீட்டி, எத்தனை நொடி தாங்க முடிகிறது என்று பார்த்துச் சூட்டை மதிப்பிடுவது வழக்கம். உடனே கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால் தணல் மிகுதி என்று பொருள். குறுக்கே அறுத்த விலா எலும்புத் துண்டு எலும்புப் பக்கம் கீழிருக்கும்படி முதலில் ஏறும். நேரத்தின் பெரும்பகுதி அந்தப் பக்கமே வேகும். இறுதியில் ஒருமுறை திருப்புவார்கள். கெட்டியான துண்டுகளுக்கு இரண்டு மணி நேரம் ஆவதும் இயல்பு. மசாலாவில் ஊறவைக்கும் பழக்கம் இல்லை. சற்றுப் பருமனான கல்லுப்பு மட்டும் போதும். அதை முன்பே தூவுவதா, இறக்கும் தறுவாயில் தூவுவதா என்பதில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்சி உண்டு.

பரிமாறுவதற்கும் வரிசை உண்டு. சோரிசோ என்ற தொத்திறைச்சியை ரொட்டியில் பிளந்து வைத்த சோரிபான், இரத்தம் சேர்த்து அடைத்த மோர்சியா, மொறுமொறுப்பாக வாட்டிய சிறுகுடல், எலுமிச்சை பிழிந்த தைமஸ் சுரப்பி ஆகியவை முதலில் வரும். பிறகுதான் விலாவும் வயிற்றுப் பகுதித் துண்டுகளும். உடன் இருப்பது ரொட்டியும், கீரை, தக்காளி, வெங்காயம் கலந்த எளிய சாலடும் மட்டுமே. எல்லாம் மேசைக்கு வந்ததும் யாராவது ஒருவர் "அசதோருக்குக் கைதட்டல்!" என்று குரல் கொடுக்க, அனைவரும் தட்டுவார்கள். மணிக்கணக்கில் புகையில் நின்றவருக்கு அது நியாயமான கூலிதான்.

உணவில் காரம் இருக்குமா? சிமிச்சுரி என்பது என்ன?

நம் நாக்குக்குக் காரம் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. சிமிச்சுரி என்பது பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, பூண்டு, உலர்ந்த ஓரிகானோ, இடித்த சிவப்பு மிளகாய், வினிகர், எண்ணெய், உப்பு ஆகியவை சேர்ந்த பச்சைக் கலவை. அதிலுள்ள மிளகாய் நிறத்துக்கும் மணத்துக்குமே. கலந்து ஒருநாள் ஊறவிட்டால் சுவை கூடும். அரைவைப் பொறியில் விழுதாக அரைத்துக் கொத்தமல்லித் தழையும் சேர்த்துச் சிமிச்சுரி என்று வெளிநாடுகளில் விற்பது வேறு ஏதோ ஒரு சட்னி. அர்ஜென்டினரில் பலர் இதைச் சோரிபானுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, நல்ல இறைச்சித் துண்டின் மீது படவே விடுவதில்லை.

காரம் தேடுபவர்கள் வடமேற்குக்குப் போக வேண்டும். அங்கே சில வீடுகளில் உண்மையாகவே உறைக்கும் சாந்துகள் மேசைக்கு வரும்.

எம்பனாதா ஊருக்கு ஊர் மாறுபடுமா?

மாறுபடும், அது குறித்த சண்டையும் ஓயாது. வட்டமாகத் தேய்த்த மாவில் பூரணம் வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறுபோல் முறுக்கி மூடிச் சுடுவதோ பொரிப்பதோ எம்பனாதா. அந்த முறுக்கு அழகுக்கு மட்டும் அன்று. கடைகளில் உள்ளே இறைச்சியா, கோழியா, பாலாடைக்கட்டியா என்பதை முறுக்கின் வடிவத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள்.

சால்தா எம்பனாதா சிறியது. கத்தியால் பொடியாக நறுக்கிய இறைச்சியோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, வெங்காயத்தாள், சீரகம் ஆகியவை இருக்கும். களிமண் அடுப்பில் சுடுவது மரபு. பக்கத்து மாகாணமான துக்குமானில் உருளைக்கிழங்கு சேர்ப்பதைக் கலப்படமாகவே கருதுவார்கள். அவர்களுடைய பெருமை மத்தாம்ப்ரே என்ற, விலாவுக்கும் தோலுக்கும் இடைப்பட்ட மெல்லிய இறைச்சியை நறுக்கிச் சேர்ப்பதில் இருக்கிறது. அம்மாகாணத்தின் ஃபமாய்யா என்ற ஊரில் எம்பனாதாவுக்கென்றே தேசியத் திருவிழா நடைபெறுகிறது. மென்தோசா பக்கம் வெங்காயமும் ஆலிவும் தூக்கலாக இருக்கும். உலர்திராட்சை சேர்க்கலாமா என்ற கேள்வியை விருந்தினர் கேட்காமல் இருப்பது நல்லது. நன்றாகச் செய்த வடமேற்கு எம்பனாதாவைக் கடித்தவுடன் சாறு வழியும் என்பதால், கால்களை அகட்டி முன்னால் குனிந்து நின்றுதான் அதைத் தின்ன வேண்டும் என்பார்கள்.

லோக்ரோ எப்போது சமைக்கப்படுகிறது?

தென் அரைக்கோளத்தின் குளிர் மாதங்களில், குறிப்பாக மே 25 அன்று. 1810-இல் அந்நாளில்தான் புவெனஸ் ஐரிஸில் ஸ்பானிய வைஸ்ராய் நீக்கப்பட்டு உள்ளூர் ஆட்சிக்குழு அமைந்தது. துக்குமானில் 1816-இல் விடுதலை அறிவிக்கப்பட்ட ஜூலை 9-ஆம் நாளிலும் இதே கூழ்ச்சாறு பெரிய அண்டாக்களில் கொதிக்கும். பள்ளிகளும் தேவாலயங்களும் சங்கங்களும் அண்டா வைத்துச் சமைத்து விற்று நிதி திரட்டுவதும் உண்டு.

தோல் நீக்கிய வெள்ளை மக்காச்சோளத்தையும் மொச்சை வகைப் பயறுகளையும் முதல்நாள் இரவே ஊறவைப்பார்கள். மறுநாள் பரங்கிக்காய், பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, தொத்திறைச்சி, சிலர் வீட்டில் மாட்டு வயிறு ஆகியவற்றோடு சேர்த்து, இளந்தீயில் மணிக்கணக்கில் கிண்டுவார்கள். பரங்கிக்காய் முற்றிலும் கரைந்து, பயறு பாதி உடைந்து, கரண்டியில் ஒட்டும் பதம் வந்தால் லோக்ரோ ஆயிற்று. கொழுப்பில் வெங்காயத்தாளையும் சிவப்பு மிளகாய்த் தூளையும் வதக்கிய செந்நிறத் தாளிப்பு ஒன்றைத் தனியாக வைத்திருந்து, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு மேலே விடுவார்கள். அசாதோவுக்குக் கிடைத்த புகழில் நான்கில் ஒரு பங்கு இந்த உணவுக்குக் கிடைத்திருந்தாலும் அர்ஜென்டினச் சமையலைப் பற்றிய உலகத்தின் எண்ணம் மாறியிருக்கும். மண்ணின் பழங்குடி தந்த சோளமும், ஸ்பானியர் தந்த பன்றியும், இரண்டையும் ஒரே பானையில் இட்ட ஏழை வீட்டு அடுப்பும் இதில் தெரிகின்றன. துருவிய பச்சைச் சோளத்தைப் பாலாடைக்கட்டியோடு கிளறி, சோளமடலில் கட்டி வேகவைக்கும் உமித்தாவும் இதே மரபைச் சேர்ந்தது.

இத்தாலியர்களின் தாக்கம் எந்த அளவுக்கு இருக்கிறது?

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்திறங்கிய ஐரோப்பியக் குடியேறிகளில் இத்தாலியரே மிகப் பெரிய கூட்டம். எனவே, வீடுகளில் ஞாயிறன்று அசாதோ இல்லையென்றால் பாஸ்தா என்ற நிலை ஏற்பட்டது. புவெனஸ் ஐரிஸின் பிட்சா நேப்பிள்ஸ் நகரத்துப் பிட்சாவைப் போல மெல்லியதன்று. தட்டில் உப்பிய தடித்த மாவின் மீது மொசரெல்லா வழிய வழிய இருக்கும். ஜெனோவா வழியாக வந்த ஃபைனா என்ற கொண்டைக்கடலை மாவு அடையை அந்தப் பிட்சாத் துண்டின் மேல் வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கடிப்பது கொர்ரியெந்தெஸ் சாலையின் பழைய கடைகளில் நின்றபடி உண்பவர்களின் பழக்கம். வெங்காயமும் பாலாடைக்கட்டியும் அடைத்த ஃபுகாசெத்தா அந்நகரத்திலேயே பிறந்தது.

மாதத்தின் 29-ஆம் நாளன்று ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளைச் சமைப்பது இன்னொரு வழக்கம். சம்பளம் தீர்ந்துபோன மாதக்கடைசியில் உருளைக்கிழங்கும் மாவும்தான் வீட்டில் எஞ்சும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். செல்வம் பெருகட்டும் என்று தட்டின் அடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உண்பார்கள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மெல்லிய இறைச்சித் தகடான மிலனேசா பிறப்பால் இத்தாலியம். ஆனால் அதன் மேல் தக்காளிச் சாந்து, ஹாம், பாலாடைக்கட்டி ஆகியவற்றை உருக்கிய 'நபொலித்தானா' வகை அர்ஜென்டினாவின் கண்டுபிடிப்பு.

மாத்தே என்றால் என்ன? அதை எப்படிப் பருக வேண்டும்?

யெர்பா மாத்தே என்ற மரத்தின் உலர்ந்த இலையை ஒரு சுரைக்குடுக்கையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, பொம்பிய்யா என்ற உலோகக் குழலால் உறிஞ்சும் பானம் மாத்தே. குடுக்கைக்கும் அதே பெயர். 2013-இல் நாடாளுமன்றம் இதைத் தேசியப் பானமாகச் சட்டமியற்றி அறிவித்தது. நவம்பர் 30 தேசிய மாத்தே நாளாகக் கொண்டாடப்படுகிறது. குவாரானித் தலைவரான ஆந்த்ரேஸ் குவாசுராரியின் பிறந்தநாள் அது.

தயாரிக்கும் முறையில் அவசரம் கூடாது. குடுக்கையில் முக்கால் பங்கு இலை நிரப்பி, வாயை உள்ளங்கையால் பொத்தி, தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குவார்கள். நுண்ணிய தூள் கையில் ஒட்டி வெளியேறும். பிறகு குடுக்கையைச் சாய்த்தபடி நிமிர்த்தினால் இலை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கும். பள்ளத்தில் சிறிது வெதுவெதுப்பான நீர் விட்டு இலை அதை உறிஞ்சும்வரை பொறுத்திருந்து, அங்கேயே குழலை ஊன்ற வேண்டும். அதன்பின் 70 முதல் 80 டிகிரி வரை சூடான நீரைக் குழலின் அடியில் மெல்லிய தாரையாக விடுவார்கள். கொதித்த நீர் இலையைக் கருக்கிக் கசப்பை ஏற்றிவிடும். மேட்டின் உச்சி நெடுநேரம் நனையாமல் இருப்பது கைதேர்ந்தவரின் அடையாளம்.

ஊற்றுபவர் ஒருவரே, அவருக்கு செபதோர் என்று பெயர். கசப்பும் தூளும் மிகுந்த முதல் ஊற்றை அவரே குடித்துவிட்டு, மீண்டும் நிரப்பி அடுத்தவரிடம் நீட்டுவார். வாங்கியவர் குழலில் களகளவென்ற ஓசை வரும்வரை முழுவதும் உறிஞ்சிவிட்டு அவரிடமே திருப்பித் தர வேண்டும். குழலைப் பிடித்துக் கிளறக் கூடாது; அடைத்துக்கொள்ளும். வாங்கும்போது மரியாதைக்காக "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லிவிட்டால், போதும் என்று பொருள்கொண்டு அடுத்த சுற்றில் உங்களை விட்டுவிடுவார்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரே குழலைப் பலரும் பயன்படுத்துவது 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் நின்றது; ஆளுக்கொரு குடுக்கை என்ற பழக்கத்தைச் சிலர் இன்றும் தொடர்கிறார்கள்.

மாத்தே எங்கே விளைகிறது? எவ்வளவு பழமையானது?

அர்ஜென்டினாவில் வடகிழக்கு மாகாணங்களான மிசியோனெஸிலும் கொர்ரியெந்தெஸின் வடபகுதியிலும் செம்மண் நிலத்தில் மட்டுமே அது விளைகிறது. குவாரானி மக்கள் ஐரோப்பியர் வருமுன்பே அதைப் பயன்படுத்தினார்கள். காலனி ஆட்சியினர் தொடக்கத்தில் சோம்பேறிகளின் தீய பழக்கம் என்று அதைத் தடைசெய்யப் பார்த்தார்கள், பயனில்லை. காட்டிலிருந்து பறித்துவந்த இலையைத் தோட்டப் பயிராக்கியவர்கள் இயேசு சபையினர். 1767-இல் ஸ்பானியப் பேரரசிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டபின் தோட்டங்கள் அழிந்தன. விதையை முளைக்கவைக்கும் நுட்பமும் நெடுங்காலம் மறக்கப்பட்டது.

பறித்த இலையை நெருப்பில் சட்டென வாட்டி, உலர்த்தி, உடைத்து, பல மாதங்கள் கிடங்கில் முதிரவிட்டே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். வெளிநாட்டுச் சந்தைகளில் முதன்மையானது சிரியா. அர்ஜென்டினாவில் குடியேறித் திரும்பிய சிரியரும் லெபனானியரும் இப்பழக்கத்தைத் தம் ஊருக்குக் கொண்டு சென்றார்கள். வடகிழக்கின் கோடையில் பனிக்கட்டி நீரிலோ பழச்சாற்றிலோ செய்யும் தெரெரே என்ற குளிர்ந்த வடிவமும் உண்டு.

மாத்தே உடலுக்குக் கெடுதலா?

அதில் காஃபீன் இருக்கிறது. எனவே உறக்கம் கெடக்கூடியவர்கள் மாலைக்குப் பின் தவிர்க்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் எந்தப் பானமும் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று வகைப்படுத்தியது; மிகச் சூடாக அல்லாத மாத்தேயை அவ்வாறு வகைப்படுத்தவில்லை. சூட்டைக் குறைத்துப் பருகுவதே அறிவுடைமை.

துல்சே தே லெச்சேயை வீட்டில் செய்ய முடியுமா?

எளிதாக முடியும். திரட்டுப்பால் கிண்டத் தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் 250 முதல் 300 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை சமையல் சோடா, சிறிது வெனிலா சேர்த்து, அகலமான அடிகனத்த பாத்திரத்தில் இளந்தீயில் வைக்க வேண்டும். சோடா பால் திரிவதைத் தடுத்து, நிறம் பழுப்பாக மாறுவதையும் விரைவுபடுத்தும். அதைப் போட்டவுடன் பால் பொங்கும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் கடந்தபின் விடாமல் கிளற வேண்டியிருக்கும். தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்கும் பதத்தில் இறக்கிவிட வேண்டும்; ஆறினால் இன்னும் இறுகும்.

1829-இல் கான்யுவேலாஸில், அரசியல் தலைவர் ரோசாஸின் பணிப்பெண், அவருடைய படுக்கையில் எதிரித் தளபதி லாவாயே உறங்குவதைக் கண்டு பதறி, அடுப்பில் இருந்த சர்க்கரைப் பாலை மறந்ததால் இது பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை சுவையானது, ஆனால் பாலும் சர்க்கரையும் இருந்த பல நாடுகளில் இதே பண்டம் இருக்கையில் அதை நம்ப வேண்டியதில்லை. இரண்டு மெல்லிய பிஸ்கட்டுகளுக்கு நடுவே இதைத் தடவிச் செய்யும் அல்ஃபஹோர் அரபியர் வழியாக ஸ்பெயினின் ஆந்தலூசியாவுக்கு வந்து, அங்கிருந்து கடல் கடந்தது. சோளமாவில் செய்து ஓரத்தில் தேங்காய்த்துருவல் ஒட்டிய வகை வாயில் வைத்ததும் உதிரும்.

உணவோடு என்ன குடிக்கிறார்கள்?

பெரும்பாலும் சிவப்பு ஒயின். மழை குறைந்த மென்தோசாவில் ஆந்திஸின் பனி உருகிய நீரை வாய்க்கால்களில் பாய்ச்சித் திராட்சை வளர்க்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்த மல்பெக் வகையை அங்கே வேரூன்றச் செய்தவர் மிஷேல் எமே புஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர். பின்னாளில் குடியரசுத் தலைவரான சார்மியென்தோவின் ஊக்கத்தால் 1853-இல் மென்தோசாவில் வேளாண் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றவர் அவர். சால்தாவின் கஃபயாத்தேயில் விளையும் தொர்ரொன்தேஸ் மணமிக்க வெள்ளை ஒயின். வீட்டு மேசைகளில் ஒயினில் சோடா கலப்பதையும் காணலாம். கோர்தோபா மாகாணத்திலோ ஃபெர்னெத் என்ற கசப்பான இத்தாலிய மூலிகை மதுவைக் கோலாவோடு கலந்து குடிப்பது ஏறக்குறைய மாகாண அடையாளம் ஆகிவிட்டது.

எந்த நேரத்தில் சாப்பிடுவார்கள்?

இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன் தொடங்குவது அரிது. நகரங்களில் பத்து மணியும் ஆகும். இடைப்பட்ட பசிக்கு மாலை ஐந்து, ஆறு மணி அளவில் மெரியெந்தா என்ற சிற்றுணவு உண்டு: காப்பியோ மாத்தேயோ, உடன் மெதியாலூனா என்ற பிறைவடிவ இனிப்பு ரொட்டியோ இருக்கும்.

சைவ உணவு உண்பவர்கள் அங்கே என்ன சாப்பிடலாம்?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். அசாதோவிலேயே புரொவொலேத்தா என்ற தடித்த பாலாடைக்கட்டி வட்டம் ஓரிகானோ தூவி வாட்டப்படுகிறது. வெளியே பொன்னிறமாகவும் உள்ளே உருகியும் இருக்கும் அதை ரொட்டியால் தொட்டு உண்ணலாம். அதே கம்பியில் இறைச்சியும் வாட்டப்படுவதில் தடை உள்ளவர்கள், வார்ப்பிரும்புத் தட்டில் வைத்துச் செய்து தரும்படி முன்பே சொல்லிவிடுவது நலம். ஃபைனா, ஃபுகாசெத்தா, தக்காளிச் சாந்து விட்ட ஞோக்கி, பசலைக்கீரையும் முட்டையும் அடைத்த தார்த்தா, மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த வடகிழக்கின் சிபா ரொட்டி ஆகியவை எங்கும் கிடைக்கும்.

இடர் மறைவிடங்களில்தான். உமித்தா அடைத்த எம்பனாதாவில் இறைச்சி இல்லாவிட்டாலும், மேல்மாவு மாட்டுக்கொழுப்பில் பிசைந்ததாக இருக்கலாம். மெதியாலூனாவிலும் வெண்ணெய் வகை, கொழுப்பு வகை என்று இரண்டு உண்டு. 'மந்தேக்கா' என்று கேட்டால் வெண்ணெய், 'கிராசா' என்றால் கொழுப்பு. "கார்னே (இறைச்சி) இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் அங்கே மாட்டிறைச்சியை மட்டுமே தவிர்ப்பதாக எடுத்துக்கொண்டு கோழியையோ ஹாமையோ வைத்துவிடுவார்கள். ஆகையால் கோழி, மீன், ஹாம், கொழுப்பு ஆகிய நான்கையும் தனித்தனியே பெயர் சொல்லி மறுக்க வேண்டும்.